தீப்பிடிக்காத தலகாணி

போடிநாயக்கனூரிலிருந்து டெல்லி வரைக்கும் எந்த சர்க்கார் ஆபீசிலாவது காகிதம் பறக்காமலிருக்க மேசைமேல் ஒரு பச்சைக் கல் கிடந்தால், சந்தேகமே வேண்டாம், அதை அனுப்பியவர் கல்நார் அண்ணன்தான். முத்திரை குத்தியவன் நான். எழுபதுகளிலிருந்து போடி தபாலாபீசில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பாவி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் எனக்குத் தெரியாது. பார்சலில் அனுப்புநர் இடத்திலும் 'கல்நார், குரங்கணி' என்றுதான் எழுதுவார். திங்கட்கிழமை தவறாமல் முதல் ஜீப்பில் வந்திறங்கி, சாக்குத் துணியில் தைத்த கல்லைத் தராசில் ணங்கென்று வைப்பார். தராசு போச்சு என்று நான் கத்துவேன். "கல்லுன்னு நெனச்சுப் பேசாதீக தம்பி, உள்ள நாரு இருக்கு" என்பார். அதோடு விடுவாரா? மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நகத்தால் கீறி, வெள்ளை வெளேரென்று நூல் உரித்து, தீக்குச்சி கிழித்துக் காட்டுவார். நூல் சிவக்கும், எரியாது. வரிசையில் நின்ற சனமெல்லாம் சோலியை மறந்து அவரைச் சுற்றி நிற்கும். போஸ்ட் மாஸ்டர் என்னவோ என்னைத்தான் முறைப்பார்.

விஷயம் இதுதான். குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கம்பெனி சின்னதாய்க் கல்நார்ச் சுரங்கம் தோண்டியது. கூரையில் போடுகிறோமே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, அதற்குள் இருக்கும் நார் இதுதான். அங்கே பாம்புத் தோல் மாதிரி வழுவழுக்கும் பச்சைப் பாறை. பூமிக்குள் அது விரிசல் விட்ட இடமெல்லாம் சூடான தண்ணீர் ஊறி ஊறி நாராய் விளைந்ததாம். ஆண்கள் வெட்டிக்கொண்டு வர, பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து சுத்தியலால் தட்டி நாரைப் பிரிப்பார்கள். அண்ணன் அங்கே மேஸ்திரி. அவர் சம்சாரம் செல்லம்மா அக்கா தட்டுகிற கூட்டத்தில் ஒருத்தி. நாலைந்து வருஷத்தில் கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. நார் ஓடுகிற நரம்பு விரல் கனத்துக்கு மெலிந்துவிட்டது, நாரும் குட்டை என்றார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் பத்தடி தோண்டினால் நரம்பு போடிமெட்டு வரைக்கும் ஓடும் என்பது அவர் கட்சி. சுரங்கத்தைத் திறக்கவைக்காமல் விடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். அதற்குத்தான் வாரம் ஒரு கல்.

போடி இலவம்பஞ்சுக்குப் பேர்போன ஊர். இந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு நம்ம அண்ணன், பெண்டாட்டிக்கு ஆசையாய், கல்நாரைத் தட்டிப் பதமாக்கி, உறையில் அடைத்துத் தலகாணி தைத்துக் கொடுத்தார். வீடே எரிந்தாலும் தலகாணி எரியாது என்று பெருமை வேறு. வீடு எரியும்போது அக்கா அதில் படுத்தே கிடக்கணுமா என்று கேட்டுவிட்டேன். ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. கல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எண்பதுகள் பிறந்ததும், கல் வாங்கி அலுத்துப்போன ஏதோ ஓர் ஆபீசிலிருந்து நிஜமாகவே ஒரு நிலவியல் அதிகாரி வந்துவிட்டார். அண்ணன் சலவை வேட்டியில் நின்றார். என்னையும் லீவு போடவைத்து இழுத்துப்போனார். முத்திரை குத்தியவனுக்கும் இதில் பங்கு உண்டாம். அதிகாரி சுரங்க வாசலிலேயே ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். எங்களையும் கட்டச் சொன்னார். நார்க் கற்றை ஒன்றை எடுத்து முறுக்கினார், பொடிப்பொடியாய் ஒடிந்தது. கம்பெனி சொன்னது சரிதான் என்றார். அண்ணனாவது, அசைவதாவது! இன்னும் பத்தடி என்று ஆரம்பித்து, பேசிக்கொண்டே அவரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

அக்கா காப்பி கொண்டுவந்தார். வாங்க என்று சொல்வதற்குள் நாலு தடவை இருமினார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை, அந்தப் புகைதான் என்று அண்ணனே சமாதானம் சொல்லிவிட்டு, நாரின் பெருமையைக் காட்டத் தலகாணியைத் தூக்கிவந்து ரெண்டு தட்டு தட்டினார். தூசி வெயிலில் மினுமினுத்தது.

அதிகாரி தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இதுல யாரு படுக்கிறாங்க?"

"எங்க வீட்டுக்காரிதான். பத்து வருசமா."

அந்த அதிகாரி நல்ல மனுஷர். சத்தம் போடவில்லை. இந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, வருஷக்கணக்காய் உள்ளேயே கிடந்து அரிக்கும் என்று மெதுவாய்ச் சொன்னார். கூடத் தட்டின மற்ற பெண்களும் இருமுகிறார்களா என்று கேட்டார். அண்ணன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அக்காதான் பேசினார். "நீ ஆசையாத் தச்சுக் குடுத்ததுய்யா. தெரிஞ்சா செஞ்ச? வெரசா அதைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வா, சோறு ஆறுது."

அண்ணன் தலகாணியைத் தண்ணீரில் முக்கி, சாக்கில் கட்டி, சுரங்கத்துக்குள் போட்டுவிட்டு வந்தார். மனுஷர் இத்தோடு ஓய்ந்தார் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை கவுண்டரில் ஆள் நிற்கிறது! கல் இல்லை, கடுதாசி மட்டும். அதே ஆபீசுகளுக்கு, கம்பெனி திறந்தபடி விட்டுப்போன சுரங்கத்தின் வாயை மூடச் சொல்லி. பதில் வருகிறவரை சும்மா இருக்கிற பிறவியா அது? முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, ஓடைக் கல்லைத் தலையில் சுமந்து, சுரங்க வாயைத் தானே அடைக்க ஆரம்பித்தார். நடுநடுவே, தட்டின பெண்களை ஒவ்வொருத்தராய் ஜீப்பில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நெஞ்சைப் படம் பிடிக்காமல் டாக்டரை எழுந்திருக்க விடமாட்டார். பைத்தியம் முற்றிவிட்டது என்று ஜீப்புக்காரர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு மழைக்காலம் முழுக்கச் சுமந்தார்.

சுவர் முடிந்த வாரம் ஒரு பார்சல் கொண்டுவந்தார். தராசைக் காப்பாற்றப் பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். கனக்கவே இல்லை. அந்த அதிகாரி பேருக்கு இருந்தது. உள்ளே என்ன என்றேன்.

"இலவம்பஞ்சுத் தலகாணி தம்பி. அவளுக்கு ஒண்ணு தச்சேன், அப்படியே அவருக்கும் ஒண்ணு."

அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருமல் இருக்கு. ஆனா கொஞ்சம் தூங்குறா."

இத்தனை வருஷமாய் அவர் கல்லின்மேல் எரிச்சலோடு ஓங்கி ஓங்கி முத்திரை குத்தியவன் நான். அன்றைக்கு மட்டும், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாய் வைத்து எடுத்தேன்.