முழங்கை மேஸ்திரி திருப்பிய மெஷின்

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காண்பதுதான் உலக வழக்கம். அதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதரை நான் கொல்லிமலையில் பார்த்தேன். அவருக்கு நாங்கள் எல்லோரும் வெறும் முழங்கைகள். ஆகவே அவர் பெயரே முழங்கை மேஸ்திரி ஆகிவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றாமல் போனது தப்புதான்.

2001-ல் சோளக்காட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தேன். காலால் மிதிக்கும் தையல் மெஷின்கள் சன்னலைப் பார்த்து ஒரே வரிசையில் நிற்கும். மேஸ்திரி தச்சர். ஆடுகிற ஸ்டூல் ஒன்றைச் சரிசெய்யக் காரவள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்தவர், நாங்கள் தைப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே உசர மேசைங்களா? செருப்பு மட்டும் அளவு பாத்து வாங்கறீங்க?"

மறுநாளே ஒரு பை நிறையப் பலாக்கட்டைகளோடு வந்தார். மேசை எங்கள் முழங்கை மட்டத்துக்கு வர வேண்டுமாம். நெட்டையான பெண்களின் மெஷின் கால்களுக்கு அடியில் கட்டை ஏறியது. குட்டையானவர்களின் ஸ்டூல் உயர்ந்தது; கால் எட்டவில்லை என்றதும் மிதியின் மேல் பலகை வந்தது. எங்கள் முதுகுவலி குறையக் குறைய அவருடைய பித்து முற்றியது. ஒரு கல்யாணத்தில் பட்டுப்புடவையில் எதிரே நின்ற எங்கள் கூடத்துச் செல்லம்மாவை அவருக்குத் தெரியவில்லை. அவள் சாம்பார் ஊற்றக் கையை மடக்கியதும், "அட, மூணாவது மெஷினுங்களா" என்று பந்தியிலிருந்து எழுந்தே விட்டார்.

அவருடைய வித்தை என்னிடம் மட்டும் பலிக்கவில்லை. கழுத்தின் வலப்பக்கத்தில் தொடங்கும் வலி தோள் வழியாக விரல்வரை இறங்கும். ஒருநாள், பத்து மாத மகளைத் தூக்கும்போது கை தளர்ந்து, அவள் என் மடியிலேயே விழுந்தாள். அடிபடவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவளைத் தூக்கவே பயந்தேன். வேலையை விட்டுவிடலாமா? விட்டும் கை சரியாகாவிட்டால்?

மேஸ்திரி என் மெஷினை உயர்த்தினார், தாழ்த்தினார், மறுபடி உயர்த்தினார்.

"என்ற கட்டை பொய் சொல்லாது அம்மிணி. நீதான் எங்கியோ தப்புப் பண்றே."

கடைசியில் டீ தம்ளருடன் சன்னலடியில் உட்கார்ந்து, ஒரு காலைப்பொழுது முழுக்க என்னையே பார்த்தார். அந்தக் கூச்சத்தில் நான் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டேன்.

"பின்னாடி யாரு அம்மிணி?"

"யாருமில்லீங்க. பாப்பாவோட தூளி."

"ஒரு தையலுக்கு ஒருக்கா திரும்பறயே."

"இல்லீங்களே," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கூடமே சிரித்தது.

தூளி எனக்குப் பின்னால், வலப்பக்க உத்தரத்தில் தொங்கியது. வேறு உத்தரம் கிடையாது. குழந்தை மூச்சு விடுகிறாளா, துணி முகத்தில் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

"மெஷினுக்குக் கட்டை வெக்கலாம். பயத்துக்கு எங்க வெக்கறது?" என்றவர், மெஷினைத் தூக்கி வலப்பக்கமாகத் திருப்பி வைத்தார். சன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழுந்தது. தூளி கண்ணெதிரே ஆடியது.

சூப்பர்வைசர் அக்கா ஓடி வந்தார். "வரிசை கெட்டுப்போச்சே மேஸ்திரி. பாக்க வாரவங்க என்ன நெனப்பாங்க?"

"அம்மா புள்ளயப் பாக்கறான்னு நெனச்சுக்கட்டுமுங்க."

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் விரல்களை விட்டது, பிறகு தோளை. ஒரு மதியம் மகள் அழுதாள். எழுந்து போய்த் தூக்கி இடுப்பில் வைத்த பிறகுதான், அவளை வலக்கையால் தூக்கியிருக்கிறேன் என்று உறைத்தது.

மேஸ்திரி ஒரு ஸ்டூலைக் கவிழ்த்துப்போட்டு இழைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் கேட்டாலும், கை கழுவினார்களா, சளி இருக்குமோ என்று யோசித்து, குழந்தையை யாரிடமும் தராதவள் நான். மரத்தூள் படிந்த அந்தக் கைகளில் என் மகளை நானாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.