முத்துகள் தண்ணீர் குடிப்பதில்லை

ஒருவர் முப்பத்து மூன்று வருஷம் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறுகிறார் என்றால் அவரைச் சும்மா வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. விழா எடுக்க வேண்டும். விழாவுக்குக் குழு வேண்டும். தூத்துக்குடியில் குழந்தைகள் நலன் பார்க்கும் எங்கள் அலுவலகத்தில் முருகேஸ்வரி அம்மா ஓய்வு பெறுகிறார் என்றதும் ஐந்து குழுக்கள் அமைத்தோம். நான் வரவேற்புரைக் குழுவில் இருந்தேன். அந்தக் குழுவில் நான் மட்டும்தான்.

முருகேஸ்வரி அம்மா உப்பளங்களில் நின்ற பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டவர். விளாத்திகுளம் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு நடக்க இருந்த கல்யாணத்தை முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் நிறுத்தியவர். நிறுத்திவிட்டு, சமைத்தது வீணாகக் கூடாது என்று ஊரையே பந்தியில் உட்கார வைத்தவர். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் புகார் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது விதி. நாங்கள் அதைப் படித்திருந்தோம். அவர் போய் நின்றார்.

விழாவெல்லாம் வேண்டாம், கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து ஒரு டீ குடித்தால் போதும் என்றார். எங்கள் அலுவலர் கிருபாகரன் சார் இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். பணிவுள்ளவர்களுக்கு விழாவைப் பெரிதாக எடுப்பதே அரசின் மாண்பு என்றார். ஆகவே அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு நடந்தது. இப்போதெல்லாம் எதையும் சர்ப்ரைஸாகச் செய்வதுதானே நாகரிகம்.

காதுகுத்துக்கே ஈவெண்ட் மேனேஜர் வைக்கிற காலம். நாங்களும் ஜெயகணேஷ் என்பவரை வைத்தோம். வந்ததும் அவர், தீம் என்ன என்று கேட்டார். எங்களிடம் தீம் இல்லை என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. தூத்துக்குடி என்றால் முத்து, குழந்தை என்றாலும் முத்து என்று அவரே ஒன்றைத் தந்தார். தெர்மாகோலில் பன்னிரண்டு அடிச் சிப்பி. ஸ்விட்ச் போட்டால் திறக்கும். உள்ளேயிருந்து வெள்ளை சாட்டின் உடுத்திய நூற்றிருபது குழந்தைகள் முத்துகளாக வருவார்கள். நீல உடையில் நாற்பது குழந்தைகள் அலைகளாக ஆடுவார்கள். சிப்பிக்குள் ஆறு முத்துதான் அடங்கும் என்று தச்சர் சொல்லிவிட்டதால், மீதி நூற்றுப் பதினான்கு முத்துகளும் மைதானத்தில் நிற்பது என்று தீர்மானமாயிற்று.

ஒத்திகை பன்னிரண்டு நாள். பாடம் கெடாதா என்று ஒரு தலைமையாசிரியை கேட்டார். குழந்தைகள் நலனை முன்னிட்டுக் குழந்தைகள் வருவதால் அந்த நாட்கள் ஓ.டி. (ஆன் டியூட்டி) ஆகக் கருதப்படும் என்று கிருபாகரன் சார் கடிதம் அனுப்பினார். நாலாம் வகுப்பிலேயே ஓ.டி. வாங்கிய பிள்ளைகள் எனக்குத் தெரிந்து அவர்கள்தான்.

விழா நாள் ஜூலை முப்பத்தொன்று. சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பன்னிரண்டரைக்கும் அவர் வேறு ஊரில் வேறு விழாவில் இருந்தார். விருந்தினர் பகுதிக்குப் பந்தலும் சோபாவும் இருந்தன. குழந்தைகளுக்குப் பந்தல் போட்டால் ட்ரோன் கேமராவுக்கு மறைக்கும் என்று ஜெயகணேஷ் சொல்லியிருந்தார். தண்ணீரும் கொடுக்கவில்லை. தண்ணீர் குடித்தால் வெளியே போகக் கேட்பார்கள். நாலு பேர் போனால் அலை கலைந்துவிடும்.

முருகேஸ்வரி அம்மாவை, விழாவுக்கு அழைத்துப்போகக் கார் வரும்வரை அலுவலகத்தில் பிடித்து வைப்பது என் பொறுப்பு. எதிரே உட்கார்ந்து, இல்லாத கோப்புகளைப் பற்றிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது உதவி எண் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார். ஒரு சிறுமியின் குரல்.

"எங்கள வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்காங்க. தண்ணி கேட்டா தரமாட்டேங்காங்க."

"எத்தன பேரும்மா இருக்கீங்க?"

"நூத்தியறுவது. ஒருத்தி மயங்கி விழுந்துட்டா. அவ அலை."

அம்மா குறிப்பெழுதுவதை நிறுத்தவில்லை. "யாரு நிப்பாட்டினது?"

"கவுருமெண்டு."

"எதுக்கு?"

"யாரோ ஒரு அம்மா ரிட்டயர் ஆகுதாங்களாம்."

அம்மா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். இடம் எது என்று கேட்டார். ரகசியம் காக்கும்படி எனக்கு வாய்மொழி உத்தரவு இருந்தாலும் சொல்லிவிட்டேன். அலுவலக ஜீப் மாலை வாங்கப் போயிருந்ததால் ஆட்டோ பிடித்துப் போனோம்.

மைதானத்தில் அவர் இறங்கியதும் நாதஸ்வரம் ஆரம்பித்தது. கிருபாகரன் சார் சால்வையோடு ஓடிவந்தார். அம்மா கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, புகார்ப் படிவத்தை எடுத்தார்.

"சார், இங்க பொறுப்பாளர் யாரு?"

"மேடம், இது உங்க விழா."

"அது அடுத்த பக்கத்துல வருது. பொறுப்பாளர் பேரச் சொல்லுங்க."

அவர் தன் பெயரை இனிஷியலோடு சொன்னார். அடுத்த பக்கத்தில், 'குழந்தைகளின் உழைப்பால் பயன் பெறுபவர்' என்ற இடத்தில் அம்மா தன் பெயரையும் பதவியையும் எழுதினார். பிறகு குழந்தைகளைப் பந்தலுக்குள் அழைத்து விருந்தினர் சோபாக்களில் உட்கார வைத்தார். மயங்கிய பெண்ணுக்கு முகம் துடைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முக்கியஸ்தர்களுக்கு வைத்திருந்த இளநீரும் சாப்பாடும் பிள்ளைகளுக்குப் போயின. ஒரு சோபாவுக்கு ஆறு முத்து வீதம் நன்றாகவே அடங்கினார்கள்.

போன் செய்த சிறுமியின் தாய் இசக்கிசெல்வி, ஊசியும் நூலுமாகப் பிள்ளைகளின் உடையைச் சரிசெய்ய வந்திருந்தவள். இருபது வருஷம் முன்னால் உப்பளத்திலிருந்து அம்மா மீட்டு வந்த பிள்ளை. அவளுடைய போனிலிருந்துதான் அழைப்பு போயிருந்தது. அவளுக்குக் கோபம். ஒங்களுக்காகத்தானே எம்பிள்ளைய ஆட விட்டேன், எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே அக்கா என்று அழுதாள்.

"ஏளா, ஒன்ன நான் அள்ளிட்டு வந்தப்ப ஒனக்கு என்ன வயசு?"

"பத்து."

"இவளுக்கு?"

"பத்து. ஆனா அது வேலக்கா. இது விழால்லா."

"வெயிலுக்கு அது தெரியாதுளா" என்றார் அம்மா. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, அந்தச் சிறுமியின் நெற்றியில் ஒட்டியிருந்த ஜிகினாவை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்விட்ச் போட்டதும் சிப்பி திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் குழந்தைகளே நாட்டின் எதிர்காலம் என்று நாற்பது நிமிஷம் பேசினார். நாங்கள் கைதட்டினோம்.

அம்மாவின் அறிக்கை நாலரைக்கு மேலிடத்துக்குப் போயிற்று. ஐந்தே காலுக்குப் பதில் வந்தது. எங்கள் துறையில் ஒரு காகிதம் இவ்வளவு வேகமாகப் போய் வந்ததில்லை. குழந்தைகளை வேலை வாங்கியதில் பயன் பெற்றவர் என்ற புகார் நிலுவையில் உள்ளதால், திருமதி முருகேஸ்வரி ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை.

அடுத்து, யார் விசாரிப்பது என்ற கேள்வி வந்தது. குழந்தைகள் தொடர்பான புகாரை விசாரிக்கத் தகுதியும் அனுபவமும் உள்ளவர் வேண்டும் என்கிறது விதி. தேடிப் பார்த்ததில் மாவட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரையே நியமித்தார்கள்.

அம்மா தனக்குத்தானே சம்மன் அனுப்பி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கேள்வியைப் படித்துவிட்டு நாற்காலி மாறி உட்கார்ந்து பதில் சொல்வார். நான் தட்டச்சு செய்வேன். அலுவலகத்தில் பன்னிரண்டு நாளாக யாரும் வேலை பார்க்கவில்லையே, உங்களுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று ஒரு கேள்வி. வழக்கம்தான் என்பதால் வரவில்லை என்று பதில் சொன்னார்.

ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு எழுதினார். விழா வேண்டாம் என்பதை எழுத்தில் கொடுக்காதது மட்டும் தன் தவறு என்று கண்டு, தன்னைக் கண்டித்துக்கொண்டார். அதன் பிறகு அவரைப் போக விட்டார்கள். அன்று வழியனுப்ப நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. எது விழாவாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஆனால் அவருடைய அறிக்கை வீண்போகவில்லை. மேலிடம் அதை முன்மாதிரி என்று பாராட்டி, இனி எந்த அரசு விழாவுக்காகவும் குழந்தைகளை வெயிலில் நிறுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை மக்களைச் சென்றடைய வேண்டுமல்லவா? அதற்காகப் போன வாரம் கடற்கரைச் சாலையில் விழிப்புணர்வுப் பேரணி நடத்தினோம். காலை பதினொரு மணிக்கு ஐந்நூறு குழந்தைகள் பதாகை பிடித்து நடந்தார்கள்.

அந்த நேரத்தில் உதவி எண்ணுக்குப் பதினேழு அழைப்புகள் வந்திருக்கின்றன. அம்மாவின் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. நாங்களோ பேரணியில் இருந்தோம்.

என் மகளும் முதல் வரிசையில் நடந்தாள். வெயிலில் கண் கூசியதால் போட்டோவில் முகத்தைச் சுளித்திருக்கிறாள். மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறேன், இதுவரை இருநூறு பேர் பார்த்துவிட்டார்கள், எல்லோரும் சூப்பர் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.