துரை பங்களாவின் கண்ணாடித் தொட்டி

முந்தின நாள் ஊன்றி வைத்த வசம்புச் செடிகள் அத்தனையும் வேரோடு கிளம்பி, தொட்டித் தண்ணீரில் மல்லாந்து மிதந்தன. கணக்குப்பிள்ளை உக்கிரபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏ மாயக்கா, கூட்டுறப்ப இதுல கைய விட்டியா?"

"நான் எதுக்குண்ணே விடுறேன்? எனக்கு வேற சோலி இல்லையா?" என்றாள் பங்களாவைப் பெருக்கும் மாயக்காள்.

போடிக்கு மேலே, ஏலத்தோட்டத்து பங்களாவின் கூடத்தில் இருந்தது அந்தக் கண்ணாடித் தொட்டி. ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை விட்டுச் சென்றது. துரையின் ஆட்களும் அவரோடு மலையிறங்கிவிட்டார்கள். இப்போது இருப்பவர்கள் எல்லாரும் புதியவர்கள்.

புது முதலாளி, போடி ஏலக்காய் வியாபாரி சத்தியநேசன், உத்தரவு போட்டிருந்தார்.

"நான் விலை பேச வந்தப்ப இதுல மீனு துள்ளிக்கிட்டிருந்துச்சு. நீ செடியும் நட்டு வையி. மெட்ராஸ் பொருட்காட்சியில தண்ணிக்குள்ள காடே வளத்து வச்சிருந்தாங்கய்யா! ஞாயித்துக்கிழமை பம்பாய் சேட்டைக் கூட்டிட்டு வர்றேன். நல்லா செஞ்சீன்னா மேல்தோட்டத்தையும் நீயே பாத்துக்க. இல்லைன்னா சிலமலைக்குப் போயி பழையபடி மாடு மேயி."

உக்கிரபாண்டி செடிகளை மறுபடி நட்டு, வேர்களின் மேல் கனமான கற்களை வைத்தார். மறுநாள் கற்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. செடிகள் மிதந்தன.

"தொட்டியில விட்ட கெண்டைதாண்ணே முட்டித் தள்ளியிருக்கும்" என்றான் சமையல்காரன் சுருளிவேல்.

கெண்டைகளை ஓடையில் விட்டுவிட்டு, கண்மாயிலிருந்து டின்னில் அயிரை மீன் வரவழைத்தார். அயிரைக்கு முட்ட வலுவில்லை. ஆனால் மறுநாளும் செடிகள் மிதந்தன. அயிரையில் பாதியைக் காணோம்.

உக்கிரபாண்டி சுருளிவேலையே பார்த்தார்.

"என்னைய எதுக்கு அப்படிப் பாக்குறீக? கார்த்திகையில நான் கவுச்சி தொடமாட்டேன்!"

"இது ஐப்பசிடா."

"முன்னாடியே ஆரம்பிச்சிட்டேண்ணே."

அப்போதுதான் மாயக்காள் தரையைக் காட்டினாள். தொட்டியைச் சுற்றி ஒரே ஈரம்.

"தொட்டி ஒழுகுது!" என்று உக்கிரபாண்டி துள்ளினார். ஒழுகுகிற இடுக்கு வழியாக அயிரை எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி அவருக்கும் வந்தது. அதை யோசித்தால் தலை சுற்றியதால் விட்டுவிட்டார். தாரைக் காய்ச்சி இடுக்கெல்லாம் பூசினார். சாயந்திரத்துக்குள் தண்ணீர்மேல் கறுப்பாக எண்ணெய் படர்ந்தது. மிச்சமிருந்த அயிரையும் செத்து மிதந்தது.

தண்ணீரை இறைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது மணல் பரப்பி, வசம்பும் வேலம்பாசியும் முதலிலிருந்து நட்டார். இடுப்பு ஒடிந்துபோயிற்று. புது மீன் விட்டு, மேலே பலகை போட்டு மூடினார்.

காலையில் பலகை தரையில் கிடந்தது. தரை ஈரம். மீன் பாதி.

"இது தொரையோட ஆவி" என்றாள் மாயக்காள்.

"தொரை எங்கடி செத்தாரு? சீமைக்குல்ல போயிருக்காரு!"

"போன எடத்துல செத்திருந்தா? அவரு தொட்டியில கண்டவுக கைய வச்சா சும்மா இருப்பாரா?"

அவள் பொரித்த மீன் நான்கை ஒரு தட்டில் வைத்து, தொட்டிக்கு முன்னால் படைத்துக் கும்பிட்டாள். உக்கிரபாண்டி சிரித்தார். விடிந்ததும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. ஆனால் ஒரு செடிகூடப் பிடுங்கப்படவில்லை.

அதன்பின் படையலை உக்கிரபாண்டியே முன்னின்று வைத்தார். "தொரை, ஞாயித்துக்கிழமை மட்டும் பொறுத்துக்கங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். துரைக்குத் தமிழ் முழுதாகப் புரியுமோ என்ற சந்தேகத்தில், "சண்டே, சண்டே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிறு காலையில் ஒரு டின் நிறைய மீன் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். சேட்டோடு ஜீப்பில் வந்து இறங்கிய சத்தியநேசன் வாசலிலேயே நின்றுவிட்டார். வசம்பு ஒரு பக்கம் ஓங்கி நிற்க, வேலம்பாசி அசைய, நடுவே மீன்கள் கூட்டமாகத் திரும்பின.

"வாஹ்! வாஹ்!" என்றார் சேட்டு. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று உக்கிரபாண்டி பக்கத்தில் போய் நின்றார்.

"மேல்தோட்டம் உனக்குத்தான்யா!" என்று சத்தியநேசன் அவர் முதுகில் தட்டினார்.

முதலாளி புதிதாக வைத்திருந்த டிரைவர் ஜக்கையன், மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுக் கூடத்துக்குள் வந்தான். முன்பு துரைக்கு ஜீப் ஓட்டியவன் அவன்தான். தொட்டியையும் எதிரே இருந்த காலித் தட்டையும் கண்டதும் அவன் கண் கலங்கிவிட்டது. உக்கிரபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கப்பலேர்றப்பக்கூட, 'நான் வளத்த நீர்நாய்க்கு இனிமே யாரு தெனமும் அந்தத் தொட்டியில மீனு போடுவா'ன்னு தொரை அழுதாருண்ணே. நீங்க அவர விட நல்லாப் போட்டிருக்கீகளே!"