கேக்குக்கு ஞானத்தகப்பன்

தண்டவாளத்துக்குத் தெற்கே உள்ள ஜனங்களின் நம்பிக்கைக்கு விலை எழுநூற்று இருபது டாலர். மூன்றடுக்கு, ரோஜா நிறக் கிரீம், உச்சியில் சர்க்கரைக் கிரீடம். டெலிவரி தனி.

மாதா கோவில் வாசலில் அந்த விலையைக் கேட்டதும் ரெமீஹியோ பாகா வேட்பாளரை ஓரமாக இழுத்துப் போனான். மெஸ்கிட் வெல்ஸ் ஊரின் மேயர் தேர்தலில் ஹார்லன் க்ரட்சருக்குத் தெற்கே வாழும் ஸ்பானிஷ் பேசும் ஹிஸ்பானிக் ஜனங்களின் ஓட்டு வாங்கித் தருவது அவன் பொறுப்பு. ஜெயித்தால் நகராட்சியில் நிரந்தர வேலை. தோற்றால் மச்சானின் பழைய கார் கடை. அங்கே அவன் பெயர் தைத்த சட்டையை மச்சான் இப்போதே ஆணியில் மாட்டி வைத்திருந்தான்.

"ஐயா, ஹசின்டா அம்மா கேட்டது புரிஞ்சுதான் தலையாட்டினீங்களா?"

"மகளுக்குப் பதினஞ்சாவது பிறந்தநாளாம். கூப்பிடறாங்க."

"கூப்பிடலைங்க. கேக்குக்கு ஞானத்தகப்பனா நிக்கச் சொல்றாங்க. இந்த விழாவை எங்க ஆளுங்க தனியாச் செய்யறதில்லை. கவுனுக்கு ஒரு ஞானத்தகப்பன், செருப்புக்கு ஒருத்தர், பாட்டுக் கச்சேரிக்கு ஒருத்தர். யாரு எதுக்கோ, செலவு அவங்களோடது."

"ஒரு கேக்குதானேய்யா!"

"கேக்கோட போகாதுங்க. பூசையில நிக்கணும், பொண்ணோட வால்ட்ஸ் நடனம் ஆடணும். அப்புறம் ஆயுசுக்கும் நீங்க அந்த வீட்டுச் சொந்தம்."

"சொந்தம்னா ஓட்டுப் போடுவாங்களா?"

"போடாம? அதுல மாறவே மாட்டாங்க."

"அப்புறம் ஏன்யா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே?"

திங்கட்கிழமை காலையில் கட்சி ஆபீஸ் வாசலில் மூன்று அம்மாக்கள் நின்றார்கள்.

"ஹசின்டா பொண்ணுக்குக் கேக்கு, எம்பொண்ணுக்கு வெறுங்கையா? அவ வீட்ல நாலு ஓட்டு. எங்க வீட்ல ஏழு, எண்ணிக்கோ."

ரெமீஹியோ சாமர்த்தியமாகச் சில்லறைச் சாமான்களைத் தள்ளிவிட்டான். ஒருத்திக்குச் செருப்பு, ஒருத்திக்குக் கேக் வெட்டும் கத்தி, மூன்றாமவளுக்குத் தலைக் கிரீடம். சின்னதாகவும் கேட்கலாம் என்ற சேதி பரவியதும் புதன்கிழமை பதினோரு பேர் வந்தார்கள்.

அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. வாசலில் எழுதி ஒட்டினான்: நவம்பர் தேர்தல் நாளுக்குப் பிறகு நடக்கும் விழாக்களுக்கு ஐயா பொறுப்பில்லை. முக்கால்வாசிப் பெண்களுக்குப் பிறந்தநாள் அடுத்த வருஷம்தான் என்று விசாரித்து வைத்திருந்தான். பிறந்தநாள் கடவுள் கையில், விழாத் தேதி அம்மா கையில் என்பதை மறந்துவிட்டான். மார்ச் மாத விழா அக்டோபருக்கு வந்தது. மே மாத விழாவும் அக்டோபருக்கே வந்தது.

"ஏம்மா, உங்க பொண்ணுக்குப் போன மாசம்தானே பதினாலு முடிஞ்சுது?"

"முடிஞ்சுதுல்ல? அப்ப பதினஞ்சு நடக்குதுன்னுதானே அர்த்தம்!"

பாதிரியார் சனிக்கிழமைக்கு மூன்று பூசை வைத்தார். க்ரட்சர் மூன்றிலும் நின்றார், கவுனின் நிறத்துக்குத் தோதாகக் கோட்டை மாற்றிக்கொண்டு. மூன்றாவது வாரத்தில் கால் தானாகவே ஆட ஆரம்பித்தது. நாற்பது வருஷம் மாட்டுத் தீவனம் விற்ற மனுஷரைப் பார்த்து இதுவரை யாரும் கை தட்டியதில்லை.

"ஐயா, வடக்குப் பக்கம் வீடு வீடாப் போறதா இருந்தோமே. ஒரு சனிக்கிழமை மிச்சமில்லை."

"வடக்கே நம்ம ஜனம்யா. என் கடைத் தீவனம் வாங்கற கூட்டம் எங்கே போயிடும்? அது கிடக்கட்டும், அந்த ஊதாக் கோட்டை எங்கே வச்சே?"

எதிர்த்து நின்ற மருந்துக்கடை நடீன் ப்ரூயிட் அம்மாள் தெற்குப் பக்கம் ஓட்டுக் கேட்டு ஒரு நாள்கூட வரவில்லை. 'கை கழுவிட்டாங்க' என்று ரெமீஹியோ சந்தோஷப்பட்டான். நகராட்சியில் ஜன்னலோர மேஜையாகக் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

தேர்தலுக்கு மறுநாள் காலை, நகராட்சி வாசலில் முடிவை ஒட்டினார்கள். தெற்கு: க்ரட்சர் 611, ப்ரூயிட் 40. ரெமீஹியோ சிலுவை போட்டுக்கொண்டான். பக்கத்துக் காகிதத்துக்கு நகர்ந்தான். வடக்கு: க்ரட்சர் 702, ப்ரூயிட் 1,290.

கூட்டினான். பதினேழு ஓட்டில் தோல்வி. விரல் விட்டு மறுபடி கூட்டினான். அந்தப் பதினேழு இம்மியும் அசையவில்லை.

பக்கத்தில் ஹசின்டா வந்து நின்றாள்.

"ஐயா எப்படி இருக்கார் தம்பி? சொந்தக்காரர் தோத்துட்டாரேன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் காலையில சாப்பாடு இறங்கலை."

"நீங்க ஒரு குறையும் வைக்கலைம்மா. வடக்குதான் கவுத்திருச்சு. நாங்க இங்கே ஆடிக்கிட்டிருந்த நேரத்துல அந்த மருந்துக்கடை அம்மா ஒவ்வொரு கதவையும் மூணு தடவை தட்டியிருக்கு."

"மூணு இல்லை, நாலு. பாவம், முழங்கால் வீங்கிப் போச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹசின்டா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"'க்ரட்சரைப் போய்க் கேளுங்க, அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டார்'னு மருந்து வாங்கப் போன எங்களை அனுப்பினதே அவங்கதானே! கேட்டோம், செஞ்சார், அறுநூத்துப் பதினொண்ணு போட்டோம். அவருக்கும் எங்களுக்கும் கணக்கு நேர், தம்பி. மிச்சம் நாப்பது அவங்களுக்கு, யோசனை சொன்னதுக்கு."