வலது கையில் பிளஸ்

கரண்ட் போனதும் மெழுகுவத்தி தேடுகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டிலும் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. இந்த இரண்டு பேரையும் நிறுத்திவைத்து, கரண்ட் என்றால் என்ன என்று சொல்லத் தொடங்குகிற மூன்றாவது ரகம் ஒன்றும் உண்டு. உங்கள் வீட்டில் இல்லையென்றால் மாடிவீட்டில் இருப்பார்.

அடையாளம் சுலபம். டார்ச்சில் பேட்டரி போடச் சொல்லிப் பாருங்கள். "இது டி.சி. ஒரே பக்கமாத்தான் போகும். வீட்டுக்கு வர்றது ஏ.சி., நொடிக்கு அம்பது தடவை போய்த் திரும்பும்" என்பார். டார்ச் கேட்டவர் அதற்குள் இருட்டில் தடவிக்கொண்டே கழிவறைக்குப் போய்த் திரும்பியிருப்பார்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் மகளுக்குக் காலை பதினோரு மணிக்கு கம்ப்யூட்டரில் வேலை நேர்காணல். பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது; இன்டர்நெட் பெட்டி அணைந்துவிட்டது. அப்பா முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"பதறாதம்மா. இதுக்கு வேண்டியது பன்னெண்டு வோல்ட் டி.சி.தான்" என்று ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி வந்தார். பழைய அடாப்டரின் ஒயரை வெட்டினார். உள்ளே இரண்டும் கறுப்பு. மீட்டர் வைத்துப் பார்த்து, பிளஸ்ஸை வலது கையிலும் மைனஸை இடது கையிலும் பிடித்துக்கொண்டார். அப்படியே மாட்டியிருக்கலாம் அல்லவா?

"அப்பா, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"தெரிஞ்சுக்காம மாட்டினா ஆபத்தும்மா. டி.சி.க்கு ஒரே வழி. மாத்தி மாட்டினா பெட்டி போயிடும். ஏ.சி.ன்னா இப்படி..." என்று, ஏ.சி.யைக் காட்டுவதற்காக ஒயர்களைக் கைமாற்றினார். மறுபடி மாற்றினார். மறுபடியும்.

மூன்று தடவை. பிறகு வலது கை ஒயரைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் வைத்தார். பெட்டி 'பட்' என்றது.

"பாத்தியா, இதத்தான் சொன்னேன்" என்றார் அவர், கருகிய நாற்றத்துக்கு நடுவில்.

அம்மா தன் செல்போனை நீட்டினாள். "இதுல நெட் இருக்குடி. அப்பவே சொல்ல வந்தேன், எங்க பேச விட்டாரு?"

ஒன்பது நிமிடத் தாமதம். திரையில் இருந்த மூன்று அதிகாரிகளும் காரணம் கேட்டார்கள். "அப்பா பேட்டரி மாட்டினாரு சார்" என்றாள். இரண்டு பேர் அனுதாபத்துடன் தலையாட்டினார்கள். மூன்றாமவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எத்தனை வோல்ட்டும்மா?" என்றார். மீதி நேரம் முழுவதும் அவர்தான் பேசினார். வேலை கிடைக்கவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் பெட்டி 'பட்' என்ற இடத்தில், "மாத்தி மாட்டினாலும் தாங்குறதுக்கு உள்ளே ஒரு டயோடு இருக்குமே" என்று சொல்ல வாயைத் திறந்தீர்களா? தயவுசெய்து மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாரோ டார்ச்சுக்காகக் காத்திருக்கிறார்கள்.