வழியும் தொட்டியும் ஒன்பதாம் வகுப்பும்

"சார், தொட்டி மறுபடியும் வழியுது!"

கணக்கு வாத்தியார் ராயப்பராஜ் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினார். தாடிக்கொம்புப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது, இங்கே மாடித் தொட்டி மட்டும் தினமும் வழிந்து சத்துணவுக்கூடத்து வாசலைக் குளமாக்கிக்கொண்டிருந்தது. வயிறு எரியாதா?

கணக்கு, அறிவியல், கம்ப்யூட்டர் மூன்றையும் சேர்த்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே இதைத் தீர்க்கட்டும் என்று மனுஷர் ஆசையாக ஆரம்பித்த வேலை. தலைமையாசிரியை சொர்ணலட்சுமி அரைமனசாகத்தான் தலையாட்டினார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும்தான் சார். முடியலைன்னா விட்டுப்புட்டுப் பரீட்சைக்குப் படிக்க வைங்க."

கணக்கு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் பிள்ளைகள் அவர்கள். இந்தத் தொட்டி வந்த பிறகுதான் ஆளுக்கு முந்திக் கை தூக்கினார்கள். அதை இழக்க அவருக்கு மனசே வரவில்லை.

முதலில் கொள்ளளவைக் கணக்குப் போட்டு, மோட்டாரை எப்போது நிறுத்துவதென்று கண்டுபிடித்தார்கள். யாரோ ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தைப் போட்டுத் தொலைத்ததில், தண்ணீர் அடுப்படிக்குள்ளேயே புகுந்துவிட்டது.

சமையல்காரர் ஒச்சம்மாள் கரண்டியோடு வந்தார். "ஏன் சார், சாம்பாருக்கு அம்புட்டுத் தண்ணியும் மாடியிலேர்ந்துதான் வரணுமா?"

சரி, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துமே என்று தொட்டிக்குள் ஒயரைத் தொங்கவிட்டு மணி பொருத்தினார்கள். தொட்டி காலியாக இருக்கும்போதே அது கணகணவென்று அடித்தது. பள்ளிக்கூடம் விட்டாச்சு என்று ஆறாம் வகுப்பு மொத்தமும் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றது.

"மாதாவே! மணியே வேணாம்ப்பா" என்றார் ராயப்பராஜ்.

அடுத்து, தொட்டி நிறைந்தால் அவருக்குப் போன் வருகிற மாதிரி செய்தார்கள். பேசுவது ஒச்சம்மாளின் பதிவுக் குரல். ஆனால் போன் போனது சொர்ணலட்சுமிக்கு. கல்வி அதிகாரியை எதிரே வைத்துக்கொண்டு அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே எருமைகளா! அமத்துங்கடா!"

அதிகாரி பதறி எழுந்து ஃபேனை அமர்த்தினார்.

வெள்ளிக்கிழமையும் தொட்டி வழிந்தது. ராயப்பராஜ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போதும்ப்பா. தோத்துப்போனேன். திங்கக்கெழமையிலேர்ந்து பொஸ்தகத்தை எடுங்க."

பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சு யுவராணி மட்டும் திடுதிடுவென்று மாடிக்கு ஓடினாள். செத்த நேரத்தில், கீழே சுவிட்சை யாரும் தொடாமலே மோட்டார் தானாக நின்றது. தானாக நிறுத்துவது எப்படி என்று அவர் இன்னும் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை! ராயப்பராஜ் எழுந்தே விட்டார்.

மூச்சிரைக்க வந்து நின்றாள் யுவராணி.

"எல்லாமே அப்பவே சரியா வந்துருச்சு சார். கழட்டி வச்ச ஒயரை இப்பத்தேன் மாட்டுனேன். தொட்டி சரியாயிட்டா பழைய கணக்கு பீரியடு வந்துரும்லன்னு, நாங்கதேன் தெனமும் கெடுத்து விட்டோம்."