துண்டுக்குள் ஒரு பரீட்சை

பத்திரிகையில் எழுதுகிற தகுதி எனக்குக் கிடையாது. பத்தாவது முடித்த கையோடு தையல் மெஷினில் உட்கார்ந்தவன். இத்தனை வருடமாக நான் எழுதியதெல்லாம் இடுப்பளவும் கையளவும்தான். பேச்சும் வராது. அளவெடுக்கும்போதுகூட ஆளின் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துத்தான் பேசுவேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் துண்டுக்காரரைப் பற்றி யாராவது எழுதியாக வேண்டும். அருப்புக்கோட்டை தொடங்கி நரிக்குடி வரைக்கும் அவரைப் போல ரகசியம் காத்த மனிதர் பிறந்ததில்லை. காலையில் எத்தனை இட்லி தின்றார் என்பதைக்கூட அவர் வாயால் சொன்னதில்லை.

அவர் ஆட்டுத் தரகர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தரகர் எதிராளியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்களை அழுத்திக் கேட்பார். எதிராளியும் விரலாலேயே பதில் சொல்வார். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். நாற்பது வருடம் இப்படியே பேசிப் பேசி, சந்தைக்கு வெளியிலும் அவருக்கு அதுவே பழகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டால் துண்டு நீளும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்டிருக்கிறார். இவர் அந்தம்மாவின் கையைத் துண்டால் மூடி மூன்று விரலை அழுத்த, அவர் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். டாக்டருக்கும் அதே மூன்று விரல்தான் கிடைத்தது.

முழங்கால் மடங்காமல் போனபின் சந்தையை விட்டுவிட்டார். பேரனைப் பார்த்துக்கொள்ள அவர் சம்சாரம் திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். திருச்சுழி ரோட்டில் உள்ள கிராமத்தில் இவர் தனி ஆள். அந்த நேரத்தில்தான், எங்கோ தூரத்து ஊர் கல்லூரி ஒன்று அறுபது வயது தாண்டியவர்களுக்குப் போனிலேயே இலவசமாகப் பாடம் நடத்துகிறது என்று யாரோ சொல்ல, சேர்ந்துவிட்டார். வானமும் மழையும் என்பது பாடம். நரிக்குடிப் பக்கம் இடிக்கிற மேகம் தன் ஊருக்கு வந்ததும் ஏன் கலைகிறது என்பது அவருடைய ஆயுள்காலச் சந்தேகம்.

அவர் ஊரில் சிக்னல் கிடையாது. பாளையம்பட்டியில் என் கடைக்கு நேர் மேலே டவர். அதனால் தினமும் எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். போனை நூல்கண்டு டப்பாமேல் சாத்தி வைத்துப் பாடம் கேட்டுவிட்டு, பத்தரை பஸ்ஸுக்குத் திரும்புவார்.

வகுப்பில் நாற்பது பேர். ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், இன்னொருவர் மருமகளைத் திட்டுவது எல்லோருக்கும் கேட்கும். சத்தமே போடாத மாணவர் இவர் ஒருவர்தான். டீச்சர் கேள்வி கேட்டு நான்கு பதில் சொன்னால், மற்றவர்கள் ரெண்டாவது, மூணாவது என்று போட்டி போட்டுச் சொல்வார்கள். இவர் முகம் சுளிப்பார்.

“ஏப்பா டைலரு, வெலய இப்படியா வெளிய கத்துவாக? அடுத்தவன் காதுல விழுந்துட்டா அப்புறம் என்ன மருவாத இருக்கு?”

தனக்குத் தெரிந்த பதிலை என் கையைப் பிடித்துத் துண்டுக்குள் சொல்லுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். டீச்சருக்கு மட்டும் அது தெரியாது.

வகுப்பைவிட அவருக்கு அந்த நாற்பது பேரின் வாட்ஸ்அப் குரூப்தான் பெரிது. தினமும் காலையில் கடைக்கு வந்ததும், இன்று தன் ஊரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று குரூப்பில் குரல் பதிந்து அனுப்புவார். அதைச் சொல்ல மட்டும் துண்டு வேண்டியதில்லை, காற்று எல்லோருக்கும் பொது என்பார். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அதைப் பத்துத் தடவை எடுத்துப் பார்ப்பார்.

கடைசி வாரம் வாய்மொழிப் பரீட்சை என்று அறிவித்தார்கள். எல்லோர் முன்னாலும் பதில் சொல்லவேண்டும். சொல்லாதவர்கள் அடுத்த படிப்புக்குப் போகமுடியாது, குரூப்பிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். அன்று அவர் டீயைக்கூடத் தொடவில்லை. “எடுத்துருவாகளாம்ல” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பரீட்சையன்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கேட்டார். துண்டுக்குள் மூன்று விரல் அழுந்தியது. நாற்பது முகங்கள் போனிலிருந்து என்னைப் பார்த்தன. நான் அவர் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டேன். எப்படியோ “மூணாவதுங்க” என்றேன்.

“நீங்க யாருங்க?” என்றார் டீச்சர்.

அய்யாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன். மூன்று கேள்விகள் அப்படியே ஓடின. நான்காவதில் டீச்சர் நிறுத்திவிட்டார்.

“இது சொந்த வார்த்தையில சொல்லணும்யா. மெதுவாச் சொன்னாலும் பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க. உங்க பக்கம் ஏன் மழை கம்மி?”

இதற்கு விரல் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு போனைக் கையில் எடுத்து, தன் தலையோடு சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து குசுகுசுவென்று குரல் வந்தது.

“டீச்சரம்மா, தென்மேக்க இருந்து வர்ற மேகம் லோடு பூராத்தையும் மலைக்கு அந்தப் பக்கமே எறக்கிட்டு, நம்ம பக்கம் வெறும் வண்டியாத்தான் வருது. நமக்கு ஐப்பசியில கெழக்க இருந்து வந்தாத்தான் உண்டு. இன்னொண்ணு, வெளிய சொல்லிறாதீக. வீட்டுல நான் ஒத்தைல கெடக்கேன். காலைல எந்திரிச்சா காத்து எப்படின்னு சொல்ல எனக்கு இந்த நாப்பது பேருதான். பாஸு போடாட்டியும் போகுது. குரூப்புல இருந்து மட்டும் எடுத்துறாதீகம்மா.”

முகம் மறைந்ததே தவிர, மைக் திறந்தே இருந்தது. கையை நீட்டித் தடுத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

துண்டை எடுத்தபோது போனில் எல்லோர் முகமும் திரையை ஒட்டி வந்திருந்தது. ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர், “நீங்க சொன்ன ரெண்டுக்கும் சரிங்கய்யா” என்றார்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தியா, ஒருத்தர் காதுல விழல.”

ஆமாண்ணே என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது. இரண்டுக்கும் நான் வருத்தப்படவில்லை.

மறுநாள் காலை குரூப்பில் இருந்த அத்தனை பேரும் அவரவர் ஊரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குக் குரல் பதிந்து அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதற்குள் பத்தரை பஸ் போய்விட்டது.